லாயக் கதவை உதைக்கும் குதிரை: காரணம் கண்டுபிடித்து நிறுத்த முழு வழிகாட்டி

உதைத்ததும் குதிரைக்கு என்ன கிடைக்கிறது? கதவை உதைக்கும் குதிரையை வைத்திருப்பவர் முதலில் இதற்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டும். கொள்ளு வாளி வருகிறதா, ஆள் ஓடி வருகிறாரா, பக்கத்துக் குதிரை மிரண்டு விலகுகிறதா, காலைக் கடித்த ஈ பறந்துபோகிறதா? அந்தக் கூலி நிற்காதவரை உதையும் நிற்காது. எதுவுமே கிடைக்காமல் உதைக்கிறது என்றால் வலியைச் சந்தேகிக்க வேண்டும்.

கல்யாண ஊர்வலத்துக்கும் சாரட்டு வண்டிக்கும் குதிரை வைத்து, தெருவை ஒட்டிய கொட்டகையில் கட்டி வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ மேய்ச்சல் நிலத்துக்கு வழி இல்லை. லாயத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கும். அதற்குள் எதைச் செய்ய முடியுமோ அதைத்தான் சொல்கிறோம்.

இன்று ராத்திரிக்குள் செய்ய வேண்டியது

உங்கள் கதவு ஆங்கிள் சட்டத்தில் வெறும் தகரம் அடித்ததா? அப்படியானால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் சரிசெய்யுங்கள். 300 கிலோ குதிரையின் பின்னங்கால் உதை மெல்லிய தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே போகும். காலைத் திரும்ப இழுக்கும்போது கிழிந்த விளிம்பு கத்தியாகி, முழங்காலுக்குக் கீழே தோலை ஒட்டி ஓடும் தசைநாரை அறுத்துவிடும். அந்த வெட்டிலிருந்து பல குதிரைகள் தேறுவதில்லை.

கையில் எதுவும் இல்லாவிட்டால், 18 மி.மீ. பிளைவுட் ஒன்றை உள்பக்கம் முழுதும் மறைக்கும்படி போல்ட் போட்டு இறுக்குங்கள். ஆணி அடிக்க வேண்டாம். உதையில் பலகை ஆட ஆட ஆணி பின்வாங்கி, அதன் முனை குதிரையின் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும்.

கம்பிக் கதவென்றால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே 2 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. குளம்பு நுழைகிற இடைவெளி எதுவானாலும் கால் மாட்டும். மாட்டினால் குதிரை பொறுமையாக நிற்காது, எலும்பு முறியும்வரை இழுக்கும். கதவின் அடியிலும் அதே 2 அங்குலக் கணக்குதான், படுத்திருக்கும் குதிரையின் கால் அடியில் போகும்.

அப்படியே நான்கு காலையும் தடவிப் பாருங்கள். பின்னங்காலின் நடு மூட்டில், பின்னால் துருத்தி நிற்கும் முனையில் மெத்தென்ற வீக்கம் இருந்தால் அது கதவில் மோதியதால் வந்திருக்கலாம். குளம்புச் சுவரில் வெடிப்பு, லாடம் ஆடுவது, ஒரு குளம்பு மட்டும் மற்றதைவிடச் சூடாக இருப்பது ஆகியவற்றையும் கவனியுங்கள். நொண்டினால் பயிற்சி எல்லாம் பிறகு, மருத்துவர் முதலில்.

வலி இல்லை என்று உறுதி செய்யுங்கள்

நேற்றுவரை சும்மா இருந்த குதிரை இன்று திடீரென்று உதைக்கத் தொடங்கினால், அதைக் குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வயிற்றுவலிக் குதிரை முன்னங்காலால் தரையைப் பறிக்கும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், வயிற்றை நோக்கிக் காலைத் தூக்கும், படுத்துப் படுத்து எழும். அந்தக் கால் கதவிலும் படும். பார்ப்பவருக்குக் கதவை உதைப்பதுபோல் தெரியும்.

குதிரை அமைதியாக நிற்கும்போது மூன்று அளவுகளை எடுங்கள். தாடை எலும்பின் உள்பக்கம் ஓடும் நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை வர வேண்டும். மூச்சு 8 முதல் 16. உடல் வெப்பம் சுமார் 99 முதல் 101 பாரன்ஹீட். சென்னைப் புழுக்கத்தில் மதியம் மூச்சு கூடுதலாக ஓடும் என்பதால் விடியற்காலையில் எடுப்பதே நம்பகமானது. ஓய்வில் நாடி 60-ஐத் தாண்டினாலோ, லத்தி போடுவது நின்றுவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வடசென்னைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

கடலோரப் பகுதிகளுக்குத் தனியாக ஒன்று. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் லாயத் தரையில் மணல் கொட்டி, அதன் மேலேயே புல்லைப் போடுகிற பழக்கம் இருந்தால், புல்லோடு மணலும் குடலுக்குள் போகும். அது அடியில் சேர்ந்துகொண்டே வந்து விட்டு விட்டு வலி கொடுக்கும். ஐந்தாறு உருண்டை லத்தியை ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கரைத்துக் கால்மணி நேரம் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் தீனியைத் தரையிலிருந்து எடுத்துத் தொட்டிக்கு மாற்றிவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். மணல் படியாததை வைத்து மட்டும் குடலில் மணல் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

பின்னங்கால்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே உதைத்தால் குளம்புக்கு மேலுள்ள கணுவில் மயிரை விலக்கிப் பாருங்கள். செதிலும் பொருக்கும் இருந்தால் அது சொறி உண்ணியாக இருக்கலாம். அதற்குக் கதவுவேலை உதவாது.

ஏழு நாள் நோட்டு

வலி இல்லை என்று தெரிந்தபின் ஒரு நோட்டு எடுங்கள். ஒவ்வொரு உதைக்கும் நான்கே விவரம்: நேரம், முன்னங்காலா பின்னங்காலா, உதைக்கு முன் என்ன நடந்தது, உதைத்த பிறகு யார் என்ன செய்தார்கள். ராத்திரிக்குப் பழைய செல்போனை லாயத்துக்கு எதிரே கட்டிப் பதிவு போடுங்கள். நான்காவது விவரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

முன்னங்காலால் தட்டுவது பெரும்பாலும் எதிர்பார்ப்பு: தீனி, ஆள், வெளியே போவது. கதவுக்கு முதுகைக் காட்டிப் பின்னங்காலால் விடுவது என்றால் எரிச்சல், பயம், ஈ, எலி, அல்லது பக்கத்துக் குதிரையோடு சண்டை. காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு தடுப்புச் சுவரையும் சேர்த்து உதைத்தால் பக்கத்தில் நிற்பதைத்தான் பிடிக்கவில்லை. பெட்டைக் குதிரையாக இருந்தால் நோட்டில் தேதியையும் கவனியுங்கள். சுமார் 21 நாளுக்கு ஒருமுறை ஐந்தாறு நாள் மட்டும் உதை கூடினால் அது சூட்டுக்கு வரும் நாள்.

தீனி: பாதிக்குமேல் சரியாவது இங்கேதான்

குதிரையின் இரைப்பையில் தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். நாளில் பெரும்பொழுதை மேய்ந்தே கழிக்கும்படி அமைந்த உடம்பு அது. காலையில் ஒரு கட்டுப் புல், மாலையில் ஒரு வாளி கொள்ளு, நடுவில் எட்டு மணி நேரம் வெறும் சுவர் என்றால் உதைக்காமல் நிற்கிற குதிரைதான் ஆச்சரியம். ஒரு கிலோ காய்ந்த புல்லை மெல்ல அதற்குச் சுமார் 40 நிமிடம் ஆகும். ஒரு கிலோ தானியத் தீனி பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். வாளியைப் பெரிதாக்குவது பிரச்சினையைத் தீர்க்காததற்கு இதுதான் காரணம்.

கணக்கைக் குதிரையின் எடையிலிருந்து தொடங்குங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்ட முனைவரை நீளம், இரண்டையும் செ.மீ.யில் அளந்து, சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880 என்று போட்டால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 160, நீளம் 145 என்றால் ஏறக்குறைய 312 கிலோ. தண்ணீரைக் கழித்த உலர்ந்த கணக்கில் உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் நார்த்தீனி (புல், வைக்கோல்) தினமும் போக வேண்டும். இந்தக் குதிரைக்கு 4.7 முதல் 6.2 கிலோ. பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்குமேல் தண்ணீர் என்பதால் பச்சையை மட்டும் போட்டால் 25 கிலோ தேவைப்படும். காய்ந்த புல் 4 கிலோவும் பச்சைப் புல் 10 கிலோவும் கலந்து கொடுப்பது கைக்கு அடக்கமான கணக்கு. புல் கிடைக்காத நாளில் நெல் வைக்கோலைச் சேர்க்கலாம், ஆனால் அதையே முழுத்தீனி ஆக்கக் கூடாது. ஊட்டம் போதாது, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் குதிரைக்கு அது குடலில் அடைத்து வலியும் கொடுக்கும்.

கொள்ளும் தவிடும் சேர்த்து ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இந்த எடைக் குதிரைக்கு வேண்டாம். வேகவைத்த கொள்ளு சென்னை வெயிலில் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும், அந்தந்த வேளைக்கு வேகவைத்து ஆறவைத்துக் கொடுங்கள்.

கல்யாணக் குதிரைகளுக்கு ஆடியும் மார்கழியும் ஆபத்தான மாதங்கள். ஊர்வலம் கிடையாது, குதிரை நாள் முழுக்க நிற்கிறது, கொள்ளு மட்டும் வைகாசியில் கொடுத்த அளவிலேயே போகிறது. எரியாத தீனியின் தெம்பு கால் உதையாக இறங்கும். வேலை நின்ற அன்றே கொள்ளைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தைப் புல்லால் நிரப்புங்கள். ஆவணியிலோ தையிலோ வேலை தொடங்கும்போது ஒரே நாளில் ஏற்றாமல் ஏழு முதல் பத்து நாளில் படிப்படியாகப் பழைய அளவுக்கு வாருங்கள்.

நேரத்தை நீட்ட வலை கட்டலாம். காசிமேட்டில் வலை பின்னுபவர்களிடம் ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலக் கண்ணியில், நான்கு கிலோ புல் கொள்ளும் நைலான் பை ஒன்றைப் புதிதாகப் பின்னச் சொல்லுங்கள். பழைய மீன்வலை வேண்டவே வேண்டாம். அதில் உப்பு ஊறியிருக்கும், தூண்டில் முள் சிக்கியிருந்தாலும் வெளியே தெரியாது. வலை காலியாகித் தொங்கும்போதும் அதன் அடி குதிரையின் மார்பு உயரத்துக்குக் கீழே வரக் கூடாது. லாடம் அடித்த கால் வலையில் சிக்கினால் கதவு உதையைவிடப் பெரிய விபத்து. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுதான் போட வேண்டும்.

அடுத்து, தீனித்தொட்டி எங்கே இருக்கிறது? கதவிலேயே மாட்டியிருந்தால் உதைக்கும் இடத்திலேயே கூலி கொடுக்கிறீர்கள். தொட்டியையும் வலையையும் எதிர்ச்சுவரின் மூலைக்கு மாற்றுங்கள். தினமும் உள்ளே போக இடமில்லாத கொட்டகையில், சுவரில் துளையிட்டு 4 அங்குல பி.வி.சி. குழாயைச் சாய்வாக இறக்கினால் வெளியிலிருந்தே உலர்ந்த தீனியைத் தொட்டியில் விழவைக்கலாம். ஊறிய கொள்ளு குழாயில் ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும், அதைக் கையால்தான் வைக்க வேண்டும்.

உதைக்குக் கூலி நிற்க வேண்டும்

காலை 6 மணிக்குத் தீனி. 5.45-க்கு வாளிச் சத்தம் கேட்டதும் உதை ஆரம்பம். அக்கம்பக்கத்தார் எழுந்துவிடுவார்களே என்று அவசரமாக வாளியைக் கொண்டுபோய் வைக்கிறோம். குதிரையின் கணக்கில் உதைதான் வாளியைக் கொண்டுவந்தது. பத்து நாளில் ஒன்பது நாள் கண்டுகொள்ளாமல் இருந்து பத்தாவது நாள் கொடுத்தாலும் போதும், பழக்கம் இன்னும் கெட்டியாகும். எப்போதாவது கிடைக்கிற கூலிக்காக உயிரினங்கள் நீண்ட நேரம் முயற்சி செய்யும்.

முதல் வாரம் வாளிச் சத்தத்துக்கும் தீனிக்கும் உள்ள தொடர்பை வெட்டுங்கள். கொள்ளை லாயத்துக்குப் பக்கத்தில் அளக்காதீர்கள். குதிரை வெளியே நடைக்குப் போயிருக்கும்போதே தொட்டியை நிரப்பிவிடுங்கள். திரும்பி வந்தால் தீனி தயாராக இருக்கும், உதைக்க வேலையே இல்லை. தீனி நேரத்தையும் அரைமணி முன்னும் பின்னுமாக மாற்றுங்கள். வலையில் புல் தொங்கிக்கொண்டே இருந்தால் இந்த மாற்றத்தால் வயிறு காயாது.

இரண்டாவது வாரத்திலிருந்து நிற்கக் கற்றுக்கொடுங்கள். கதவிலிருந்து மூன்று நான்கு அடி உள்ளே தரையில் ஒரு ரப்பர் பாய்த் துண்டைப் பதியுங்கள். குதிரையின் முன்கால்கள் அதன்மேல் வந்து நான்கு காலும் தரையில் இருக்கும் கணத்தில் “சரி” என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு, அது நிற்கும் இடத்திலேயே ஒரு துண்டு கேரட் அல்லது ஒரு பிடி புல் கொடுங்கள். நாக்கைச் சொடுக்கும் சத்தத்தை அடையாளமாக வைக்காதீர்கள், வண்டியில் அது ‘போ’ என்பதற்கான சைகை. முதல் நாள் மூன்று விநாடி நின்றால் போதும். பிறகு ஐந்து, பத்து, இருபது. நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். ஒரு நிமிடம் நிற்கத் தொடங்கியதும் வாளியோடு நடந்து வாருங்கள். கால் தூக்கினால் சத்தம் போடாமல் நின்ற இடத்திலேயே திரும்பிப் பத்தடி பின்னால் போங்கள். நான்கு காலும் தரைக்கு வந்து பத்து விநாடி ஆனபின் மறுபடி வாருங்கள். அந்தப் பத்து விநாடியைச் சுருக்கக் கூடாது. சுருக்கினால் ‘ஒரு உதை விட்டுவிட்டு நின்றால் தீனி’ என்று இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும். அந்தப் பழக்கத்தைப் பிரிப்பது முதல் பழக்கத்தை மாற்றுவதைவிடக் கடினம்.

பல லாயங்களில் உதைக்கிற குதிரைக்குக் கடைசியில் தீனி வைத்துத் தண்டிக்கிறார்கள். எதிரே மற்றவை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதால் வெறி கூடுமே தவிர குறையாது. அதற்கு முதலிலேயே வையுங்கள், ஆனால் உதை தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும்.

கூலி நின்ற மூன்றாம் நான்காம் நாளில் உதை முன்பைவிடப் பலமாகவும் நீளமாகவும் வரும். நேற்றுவரை வேலை செய்த வழி இன்று வேலை செய்யவில்லை, இன்னும் ஓங்கி அடித்துப் பார்க்கிறது. இந்த இடத்தில்தான் மிகுதிப்பேர் கைவிடுகிறார்கள். அப்போது வாளியை வைத்துவிட்டால் பழைய அளவு உதைக்குக் கிடைக்காதது பெரிய உதைக்குக் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகும். அதனால்தான் இந்த நாட்களுக்கு முன்பே, அடுத்த பகுதியில் சொல்லும் ரப்பர் உறையைக் கதவுக்குப் போட்டு முடித்துவிட வேண்டும்.

வீட்டு ஆட்கள், ராத்திரி காவல், தெருப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் பலிக்கும். கதவைத் தட்டும்போது கேரட் நீட்டும் பிள்ளையை விரட்டாதீர்கள். “தம்பி, அது காலைக் கீழ வச்சிட்டு சும்மா நிக்கும்போது குடு, அப்பதான் நல்ல பழக்கம் வரும்” என்று சொல்லிப் பாருங்கள். சரியான நேரத்தில் கொடுக்கும் பிள்ளை உங்களுக்கு இன்னொரு பயிற்சி ஆள். அடுத்த வீட்டு அக்காவிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது: “அக்கா, ஒரு வாரம் சத்தம் கொஞ்சம் அதிகமா இருக்கும், அப்புறம் அடங்கிடும்.” அவர் ராத்திரி வெளியே வந்து சத்தம் போட்டால் அதுவும் குதிரைக்குக் கிடைக்கும் கவனம்தான்.

கதவுக்கு ரப்பர் உறை

இது காலையும் காதையும் காப்பாற்றும், காரணத்தை மாற்றாது. ஆனால் ஆடி அதிரும் கதவின் பேரோசையே பிடித்துப்போய் உதைக்கும் குதிரைகள் உண்டு, அவற்றுக்கு ஓசை செத்தாலே பாதி ஆர்வம் போய்விடும்.

காயலான் கடைகளில் பழைய கன்வேயர் பெல்ட் கிடைக்கும். 10 முதல் 12 மி.மீ. தடிமனில், உள்ளே துணி அடுக்கு உள்ளதாகப் பாருங்கள். இரும்புக் கம்பி ஓடும் பெல்ட்டை வாங்காதீர்கள், வெட்டிய விளிம்பில் கம்பி முள்ளாக நிற்கும். எதை ஏற்றிய பெல்ட் என்று கேளுங்கள். நிலக்கரி என்றால் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போதும். உரம், ரசாயனம் ஏற்றியதென்றால் வேண்டாம், குதிரை கதவை நக்கும்.

4 அடி அகலம், 4½ அடி உயரக் கீழ்க்கதவுக்கு 12 மி.மீ. ரப்பர் சுமார் 24 கிலோ கனக்கும், அதோடு பிளைவுட்டின் எடையும் சேரும். இரண்டு சாதாரணக் கீல் சில வாரத்தில் தொங்கிவிடும். ஆங்கிள் சட்டத்தில் மூன்று கனமான கீல்களை வெல்டிங் வைத்துக்கொண்டு பிறகு மற்ற வேலையைத் தொடங்குங்கள். கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருக்க வேண்டும். உள்ளே குதிரை விழுந்து கதவோடு ஒட்டிக் கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவை அசைக்கவே முடியாது.

முதலில் உள்பக்கத்தின் வெல்டிங் முட்டுகளை அரைத்துச் சமமாக்குங்கள். அதன்மேல் 19 மி.மீ. மரைன் பிளைவுட். கடையில் 710 கிரேடு என்று கேளுங்கள். சாதாரணப் பிளைவுட் ஐப்பசி கார்த்திகை மழைத்தண்ணீரில் அடியிலிருந்து உப்பி விரியும். ஓசை இன்னும் குறைய வேண்டுமானால் நடுவில் 25 மி.மீ. ஈ.வி.ஏ. (மெத்தென்ற நுரை) பாய் ஒரு அடுக்கு. அதை வெளியே தெரியும்படி விட்டால் குதிரை கடித்துத் தின்னும், ஓரம் முழுதும் பெல்ட்டுக்குள் மறைய வேண்டும். மேலே பெல்ட், கதவைவிடச் சுற்றிலும் அரை அங்குலம் சிறியதாக. பெல்ட்டை இரும்பு அறுக்கும் கிரைண்டரால் அறுத்தால் கருகிப் புகை கிளம்பும். நேர்ப்பட்டை வைத்து, கூரான கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து நாலைந்து தடவை இழுத்தால் சுத்தமாக வெட்டுப்படும்.

10 மி.மீ. போல்ட், உருண்டைத்தலை குதிரையின் பக்கம், நட்டு தெருவின் பக்கம். தலைக்கு அடியில் 2 அங்குல அகல வாஷர் இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் தலை ரப்பருக்குள் புதைந்து பிய்த்துக்கொள்ளும். ஓரத்திலிருந்து 2 அங்குலம் உள்ளே தொடங்கி 9 முதல் 12 அங்குலத்துக்கு ஒன்று என்று போல்ட் வையுங்கள். நீளம்: பெல்ட் 12, பிளைவுட் 19, ஆங்கிள் 5, நட்டுக்கும் வாஷருக்கும் 10, ஆக 50 மி.மீ. போதும். ஈ.வி.ஏ. சேர்த்தால் 75. உப்புக்காற்றில் சாதாரண இரும்பு போல்ட் இற்றுப்போகும், கால்வனைஸ் செய்ததோ 304 ஸ்டெயின்லெஸ்ஸோ வாங்குங்கள்.

கதவு சட்டத்தில் மோதும் இடமெல்லாம் பழைய லாரி டியூபை ஒரு அங்குலப் பட்டையாக வெட்டி ஒட்டுங்கள். கடகடவென்ற ஆட்டம் நிற்கும். தாழ்ப்பாள் இரண்டு: மேலே ஒன்று, தரையிலிருந்து ஆறு அங்குலத்தில் ஒன்று. கீழ்த்தாழ் இல்லாத கதவின் அடிமூலை ஒவ்வொரு உதைக்கும் வெளியே வளைந்து கொடுக்கும், அந்த இடைவெளியில் குளம்பு மாட்டும். முடித்ததும் கைமுட்டியால் குத்திப் பாருங்கள். ‘டங்’ என்றால் எங்கோ இரும்பு தனியாக ஆடுகிறது. ‘தொப்’ என்று கேட்க வேண்டும்.

முன்னங்காலால் மட்டும் தட்டும் குதிரைக்கு, ஆள் இருக்கும் பகல் நேரத்தில் கதவைத் திறந்துவைத்து மார்பு உயரத்தில் ஒரு அகல நாடாப் பட்டையும் அதற்கு ஒன்றரை அடி கீழே இன்னொன்றும் குறுக்கே கட்டலாம். தட்டுவதற்குப் பலகையே இல்லை. கதவு நேராகத் தெருவில் திறக்கிற லாயத்தில் இது கூடாது. பட்டையின் கீழே நுழைந்து வெளியேறிய குதிரை நேராக லாரிகள் ஓடும் சாலைக்குத்தான் போகும்.

ராத்திரி உதை

பதிவில் உதை நடுராத்திரி 2 மணிக்கு என்று வந்தால் முதலில் வலையைப் பாருங்கள். 8 மணிக்குக் கட்டிய புல் அதற்குள் தீர்ந்திருக்கும். படுக்கப் போகுமுன் 10 மணிக்கு இரண்டாவது வலையைக் கட்டினாலே பல இடங்களில் அடங்கிவிடுகிறது.

அடுத்தது பெருச்சாளி. கொள்ளு மூட்டையை லாயத்துக்குள் வைத்தால் அது வரும், குதிரை பின்னங்காலை விடும். மூடியுள்ள இரும்பு டிரம்முக்கு மாற்றி, வாய்க்கால் துளைகளுக்கு அரை அங்குலக் கம்பிவலை அடியுங்கள். எலி மூத்திரம் பட்ட தீனியால் நோயும் வரும் என்பதால் இது எப்படியும் செய்ய வேண்டிய வேலை.

பகலில் முழங்காலுக்குக் கீழே கடிக்கும் லாய ஈ, ஈர வைக்கோலிலும் லத்தியிலும்தான் பெருகுகிறது. லத்தியைத் தினமும் அள்ளி வெளியே அனுப்பினால் அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் ஈ குறைவது கண்ணுக்குத் தெரியும். எட்டாத உயரத்தில் ஒரு மின்விசிறி காலுக்குக் காற்று வீசும்படி வைத்தால் உடனடியாக உதவும், வயரைக் குழாய்க்குள் ஓட்டுங்கள். வேப்பிலை மூட்டம் போடுகிறவர்கள் குதிரையை வெளியே கட்டிவிட்டுப் போடுங்கள். மூடிய கொட்டகையில் புகை அதன் நுரையீரலுக்குக் கெடுதல்.

சாவு ஊர்வலப் பட்டாசுக்கும் ஆடி மாதக் கோயில் ஒலிபெருக்கிக்கும் மிரண்டு உதைப்பதில் பயிற்சிக்கு வேலையில்லை. ஊர்வலம் வருவது தெரிந்தால் முன்னதாகவே வலையை நிரப்பிவிட்டு, பழகிய ஆள் ஒருவர் கதவுக்கு வெளியே, உதை எட்டாத பக்கவாட்டில், பேசிக்கொண்டு நிற்கட்டும்.

நடையும் துணையும்

12 அடிக்கு 12 அடி லாயம் நல்ல அளவு, மட்டக்குதிரைக்கு 10-க்கு 10. அதைவிடச் சிறிய இடத்தில் 22 மணி நேரம் நிற்கும் குதிரைக்கு மேலே சொன்ன எதுவும் முழுசாகப் பலிக்காது. கண்டெய்னர் லாரிகள் பெருகுமுன், காலை 4.30-க்கும் 6-க்கும் நடுவில் 40 நிமிடம், மாலையில் இன்னொரு 40 நிமிடம் கையில் பிடித்து நடத்துங்கள். கடற்கரையில் என்றால் அலை நனைத்த கெட்டி மணலில். காலைப் புதைக்கும் காய்ந்த மணல் தசைநாரை வருத்தும்.

இன்னொரு குதிரையைப் பார்க்கவாவது முடிய வேண்டும். ஒற்றைக் குதிரைக்கு வடசென்னையில் எளிதாகக் கிடைக்கும் துணை வெள்ளாடு. முதல் சில நாள் தடுப்புக்கு அந்தப்புறம் கட்டிப் பழக்கிவிட்டு, பிறகு சேர்த்து விடுங்கள். ஆட்டுக்குத் தப்பி ஒதுங்க ஒரு மூலை இருக்க வேண்டும். பக்கத்துக் குதிரையோடு பகை என்றால் இடம் மாற்றிப் பாருங்கள், முடியாவிட்டால் இரண்டும் தின்னும் மூலையில் மட்டும் ஒன்றையொன்று பார்க்காதபடி பலகை அடியுங்கள்.

செய்யக் கூடாதவை

காலில் சங்கிலி கட்டித் தொங்கவிடுவது, பின்னங்காலைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவது, கதவில் ஆணி முனையை நீட்டிவைப்பது எல்லாம் இன்னும் நடக்கின்றன. கயிறு அறுத்த கணுப் புண் சென்னை ஈரத்தில் ஆற வாரக்கணக்கில் ஆகும். கட்டுண்ட குதிரை விழுந்தால் எழ முடியாது. நியாயமற்ற குட்டைக் கயிற்றிலோ கனத்த சங்கிலியிலோ நெடுநேரம் கட்டிவைப்பது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. அடித்தால், ஆள் வரும்போது ஒடுங்குவதைத்தான் கற்றுக்கொள்ளும், ஆள் போனதும் உதைக்கும். உதைக்கும் குதிரையின் பின்னால் போய்ச் சத்தம் போடும் ஆள் ஒருநாள் விலா எலும்பை இழப்பார்.

மூட்டுக்குப் பஞ்சுக் காப்பு கட்டுவது வீங்கிய காலுக்குச் சில நாள் உதவும். நாள் முழுக்க விட்டால் வியர்வையில் தோல் வெந்துபோகும், காலையும் மாலையும் அவிழ்த்துக் காயவிடுங்கள். வேலையில்லாத மாதங்களில் பின்கால் லாடங்களைக் கழற்றிவிடலாமா என்று லாடம் அடிப்பவரிடம் கேளுங்கள். அடியின் வேகமும் சத்தமும் குறையும். கழற்றினாலும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவியே ஆக வேண்டும்.

ஏழு நாள் நோட்டை நான்காவது வாரத்தில் மறுபடி எழுதி, பழையதோடு வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை பாதிக்குக்கீழ் வந்திருந்தால் வழி சரி, பயிற்சியை இன்னும் ஒரு மாதம் தொடருங்கள். உதை நின்று, அதற்குப் பதிலாகத் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்கிறது, கதவு விளிம்பைக் கடித்துக் காற்றை இழுக்கிறது என்றால் கதவு மட்டும்தான் தப்பித்திருக்கிறது. புல்லின் அளவையும் நடையின் நேரத்தையும் மறுபடி கணக்குப் பாருங்கள். எண்ணிக்கை குறையவே இல்லை என்றால், நோட்டையும் ராத்திரிப் பதிவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், இரைப்பைப் புண் இருக்குமா என்று கேளுங்கள்.